ரஷ்யா சாரின் ஞாயிற்றுக்கிழமைகள்

அவர் முன்னால் நடப்பார். நான் பின்னால் அம்பாசிடர் காரை முதல் கியரில் உருட்டிக்கொண்டு போவேன். எண்பதுகளின் கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஆவடி–பூந்தமல்லி சாலையில் போய்வந்தவர்கள் இந்த ஊர்வலத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, முதுகில் ஒரு கான்வாஸ் பை, காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தாலும் அந்த பூட்ஸை அவர் கழற்றியதில்லை.

"இன்னா அண்ணாத்தே, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று சைக்கிளில் போகிறவர்கள் என்னைக் கேட்பார்கள்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லபா."

"பின்ன ஏன் அந்தாளு நடந்துகினு கீறாரு?"

"அவருக்கு நடக்கணுமாம்."

"அவருக்கு நடக்கணும்னா நீ ஏன் பின்னால ஊர்ந்துகினு வர்ற?"

அதற்குப் பதில் இருந்தது. நின்று சொல்வதற்குள் அவர் தூரம் போய்விடுவார் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தளவாட ஃபேக்டரியில் டிரைவர். அவர் அங்கே இன்ஜின் பிரிவுக்கு ரஷ்யாவிலிருந்து வந்த நிபுணர். வெளிநாட்டுக்காரர்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே போனால் ஃபேக்டரி வண்டியில்தான் போகவேண்டும், கூடவே டிரைவர் இருக்கவேண்டும் என்பது சட்டம். எனக்கு வண்டி வேண்டாம், நான் நடப்பேன் என்று அவர் ஆபீசில் போய்ச் சொல்லிப் பார்த்தார். நடக்கலாம், ஆனால் வண்டி கூடவே போகும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். மூன்று துண்டாக இருக்கும், மூன்றும் என் வாயில் நுழையாது. டிரான்ஸ்போர்ட்டில் எல்லாருக்கும் அவர் ரஷ்யா சார். இன்னும் பல ரஷ்யாக்காரர்கள் அங்கே இருந்தார்கள். ஆனாலும் ரஷ்யா சார் என்றால் அவர் ஒருவர்தான். என் பெயர் முனுசாமி. அவர் என்னை முனி என்பார்.

இப்படிப் போக ஆரம்பித்த இரண்டாவது மாதத்திலோ என்னவோ, பருத்திப்பட்டு தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து பானெட்டுக்குள்ளிருந்து ஆவி சீறியது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். துண்டைக் கேட்டு வாங்கி மூடியைத் திறந்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில், "கார் நடக்காது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வண்டியை ஏரிக்கரை ஓரம் மர நிழலில் பூட்டி வைத்துவிட்டு நானும் நடக்க ஆரம்பித்தேன். சட்டப்படி தப்பு. ஆனால் டிரைவர் கூட இருக்கவேண்டும் என்றதை நான் மீறவில்லை.

அவர் வந்தபோது மனைவியோடுதான் வந்தார். ஜனவரி மாதம். பனி விலகாத காலையில் அந்த அம்மாள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் சிரிப்பு போய்விட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு. பகல் முழுக்கக் குளியலறையில் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அங்கே வேலை செய்த பெண் சொன்னாள். மே மாதத்தில் ஒருநாள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது அவர் மட்டும் இருந்தார்.

குவார்ட்டர்ஸ் வந்ததும் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். இறங்கவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, வேறு எங்காவது, என்று கையை ஆட்டினார்.

"எங்க சார்?"

யோசித்துவிட்டு, கையை அலைபோல் அசைத்துக் காட்டினார். தண்ணீர்.

பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிப்போனேன். மே மாதத்து ஏரியில் என்ன இருக்கும்? வெடித்த சேறு, நடுவில் ஒரு குட்டை, அதில் நாலு எருமை. கரையில் நின்று பார்த்தவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்றபிறகும் அங்கேயே நின்றார். இருட்டும்வரை கிளம்பவில்லை. எங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை அதுதான்.

அதற்குப்பின் அவரால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அவரைப்பற்றி ஒன்றே ஒன்று சொல்லவேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். வேலை நாளில் ஷெட்டில் கடைசி ஆளாக நிற்பார். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பையை மாட்டிக்கொண்டு வாசலில் எனக்காகக் காத்திருப்பார். பைக்குள் கரி படிந்த ஒரு பாத்திரம், உருளைக்கிழங்கு, உப்பு, வெங்காயம், தூண்டில் கயிறு இருக்கும். ஏரிக்கரையில் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டி, கிடைத்த மீனையும் உருளைக்கிழங்கையும் போட்டுக் கொதிக்க வைப்பார். மிளகாய் கிடையாது, புளி கிடையாது. நான் ஒருவாய் குடித்துவிட்டு, நல்லாருக்கு சார் என்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உப்பை என் பக்கம் தள்ளிவைப்பார்.

மற்ற ரஷ்யாக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள், கடைத்தெருவில் தோல் செருப்பும் பெட்டியும் வாங்குவார்கள், சாயங்காலம் ஒரு வீட்டில் கூடிப் பாடுவார்கள். "நீங்க ஏன் சார் போறதில்ல?" என்று கேட்டிருக்கிறேன்.

"அங்க எல்லாரும் பேசும்" என்றார்.

ஒருநாள், "முனி, காடு எங்க?" என்றார். செம்பரம்பாக்கத்துக்குப் போகிற வழியில் கருவேலம் புதர் மண்டிய ஒரு பொட்டலைக் காட்டினேன். "இதான் சார் நம்ம காடு." உள்ளே இறங்கிப் போனார். ஒரு முள்ளை ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தலைக்கு மேலே நிழல் என்று ஒன்று இல்லை. ஆனாலும் என் மனம் நோகக்கூடாது என்று, "நல்ல காடு" என்றார்.

அந்தக் காட்டில்தான் அவர் கூப்பிட ஆரம்பித்தார். மழை விட்ட ஒரு காலை. காளான் தேடிக்கொண்டு அவர் ஒரு பக்கம் போனார், நான் புதரோரம் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன். திடீரென்று புதருக்குள்ளிருந்து, "ஆ…ஊ!" என்று குரல். பாம்பு கடித்துவிட்டதென்று நினைத்து முள்ளெல்லாம் கிழிக்க ஓடினேன். அவர் நிதானமாகக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார்? இன்னா ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "ஆ…ஊ!" மறுபடி ஓடினேன். மறுபடி ஒண்ணியும் இல்ல. மூன்றாவது தடவை அவரே உட்கார வைத்து விளக்கினார். அவர் ஊரில் காடு நாள் கணக்காக நடந்தாலும் முடியாதாம். காளான் பொறுக்கப் போகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவார்களாம். தொலைந்துவிடாமல் இருக்க அவ்வப்போது இப்படிக் கூப்பிட வேண்டும், மற்றவர் பதிலுக்குக் கூப்பிட வேண்டும். ஓடி வரத் தேவையில்லை, சத்தம் கொடுத்தால் போதும். அவரும் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பே அப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

கருவேலங்காட்டில் எந்தப் பக்கம் நின்றாலும் மாங்காடு போகிற பஸ் தெரியும். தொலைந்துபோக வழியே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவர் கூப்பிட்டால் நான் பதில் கொடுத்தேன். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. ஆடு மேய்க்கிற கிழவி ஒருத்தி, "இன்னாடா இது, ரெண்டு எருமைங்க கத்திகினு கீதுங்க" என்றாள். போகப்போகப் பழகிவிட்டது. சில நாள் அவர் கூப்பிடத் தாமதமானால் எனக்கே ஒருமாதிரி இருக்கும். நானே முதலில் குரல் கொடுத்துவிடுவேன்.

என்னோடு சுற்றியதில் அவர் கற்றுக்கொண்ட தமிழ் என்னுடைய தமிழாகத்தான் இருந்தது. வேறு தமிழும் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு விருந்தில் பெரிய அதிகாரி ஒருவர் கைகொடுக்க வந்தபோது, கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தாளுக்குத் தமிழ் சொல்லிக்குடுக்கச் சொல்லி உன்கிட்ட யாருய்யா சொன்னது?"

"நான் சொல்லித் தரல சார். அவரா கேட்டுக்கினு கீறாரு."

"பாரு, இப்பகூட!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

என் மனைவி சரோஜாவுக்கு முதலில் அவரைக் கண்டாலே ஆகாது. பார்க்காமலேயே ஆகாது. "வாரத்துல ஒரு நாளு லீவு. அதையும் அந்தாளுக்கே குடுத்துடு. எனுக்கு இன்னா, நான் இந்த நாலு செவுத்தோட பேசிகினு கெடக்குறேன்" என்பாள். எங்களுக்கு வேறு யாருமில்லை. பருத்திப்பட்டில் இரண்டே அறையுள்ள வீடு, அவளும் நானும். என் அப்பன் பாட்டனெல்லாம் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் கம்பெனிகள் வந்தபிறகு நான் ஸ்டியரிங் பிடித்தேன்.

ஒருநாள் அவளே, "சதா கூட சுத்துறியே, ஒரு வாட்டி சோத்துக்குக் கூட்டிகினு வாயேன், மனுசன் எப்டி கீறாருன்னு பாப்பம்" என்றாள். சங்கரா மீன் குழம்பு, வறுவல், ரசம் எல்லாம் செய்திருந்தாள். அவர் குனிந்து வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். பாயில் உட்கார்ந்தார். சரோஜா இலை போட்டுத் தண்ணீர் தெளித்துச் சோறு வைத்தாள். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கொடியில் தொங்கிய அவள் புடவை, அலமாரியில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. சட்டென்று இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்து, பின்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

சரோஜாவின் முகம் விழுந்துவிட்டது. "நம்ம ஊடு அவ்ளோ மோசமாவா கீது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அது அவர் காதில் விழுந்திருக்கவேண்டும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஊடு நல்லா கீது" என்றார். வார்த்தைகளைத் தேடினார். "ஊட்டுக்குள்ள நான் நல்லா இல்ல."

சரோஜா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கே போனாள். வேர்த்து வடிய, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, சட்டி காலியாகும் வரை அவர் சாப்பிட்டார். காரம்தான் என்று நான் நினைத்தேன். சரோஜா அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே டிபன் கேரியரில் கட்டிக்கொடுத்தாள். லீவைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஒரே ஒருதடவை அவர் என்னைப் பயமுறுத்தியிருக்கிறார். கொரட்டூர் ஏரி நிரம்பியிருந்த ஒரு டிசம்பர். காற்றில் அலை அடித்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். நீந்தத் தெரிந்தவர்தான், அது தெரியும். ஆனால் திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தார். தலை ஒரு தேங்காயளவு தெரிந்தது, பிறகு எலுமிச்சையளவு, பிறகு அதுவும் இல்லை. கரையில் ஆள் சேர்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் முழுகிட்டான் என்று எவனோ கத்தினான். எனக்கு நீச்சல் தெரியாது. சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். பதில் இல்லை. காற்று எதிர்த்திசையில் அடித்தது.

வெகுநேரம் கழித்துத் தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்து, மெல்ல மெல்ல வளர்ந்து, மூச்சு வாங்கக் கரையேறினார். உதடெல்லாம் நீலம்.

"இன்னாத்துக்கு சார் அவ்ளோ தூரம் போனீங்க? எனுக்கு உயிரே போயிடுச்சு!"

சட்டையை வாங்கித் தலையைத் துவட்டினார். "அந்தப் பக்கம் இன்னா கீதுன்னு பாத்தேன்."

"இன்னா கீது?"

"இந்தப் பக்கம் மாதிரியே கீது" என்றார். அதன்பிறகு அவர் எந்த ஏரியிலும் இறங்கவில்லை.

அவர் நாடு உடைந்தது தொண்ணூற்றொன்றின் கடைசியில். ஃபேக்டரியில் எங்களுக்கு அது ஒரு செய்தி. குவார்ட்டர்ஸில் அவர்கள் டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பாட்டுச் சத்தம் நின்றுபோனது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் பையை எடுத்துவரவில்லை. வெறுங்கையோடு ஏரிக்கரைக்கு வந்தார். ஒரு குச்சியால் ஈர மண்ணில் கோடு இழுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் குத்தி, "என் ஊடு" என்றார். அந்தப் பக்கம் குத்தி, "அவ ஊடு" என்றார். மனைவி இங்கிருந்து போனதும் தன் அம்மா ஊரிலேயே தங்கிவிட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நடுவுல இன்னா சார், ஆறா?"

"இல்ல. போன வாரம் ஒண்ணியும் இல்ல. இப்ப ரெண்டு நாடு."

அந்த அம்மாள் திரும்பி வருவார்களா, இவர் அங்கே போவாரா என்றெல்லாம் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. குச்சியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு உட்கார்ந்தார். அன்று எந்தச் சமையலும் இல்லை.

பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பினார்கள். அவர் கிளம்பும்போது நான் ஊரில் இல்லை. அரக்கோணத்தில் சரோஜாவின் தம்பிக்குக் கல்யாணம். அவருக்குத் தேதி இன்னும் வரவில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்து வந்தால், முந்தின நாளே கன்னியப்பன் கொண்டுபோய் விட்டுவிட்டான். கன்னியப்பன் என்னோடு வேலை பார்த்தவன், பாக்கு போட்டுக்கொண்டே பேசுவான்.

"உன் ஆளு வண்டியில ஏறவே இல்லபா. முனி எங்க, முனி எங்கன்னு கேட்டுகினே நின்னாரு. ஊருக்குப் பூட்டான் சார்னேன். எப்ப வருவான்னாரு. நாளிக்குன்னேன். பிளேனு நாளிக்கு இல்லியே, அப்டினு சொல்லிட்டு ஏறிகினாரு. அப்பறம் மீனம்பாக்கம் வரிக்கும் வாயே தொறக்கல."

"எறங்கும்போதாவது எதுனா சொன்னாரா?"

"ம்ஹும். பெட்டிய எடுத்துகினு போய்கினே இருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

அந்தப் பத்தாண்டின் கடைசியில் மறுபடி ரஷ்யாக்காரர்கள் வந்தார்கள். வேறு ஆட்கள், ஜீன்ஸ் போட்ட இளைஞர்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்டேன். அவர் பெயரின் மூன்று துண்டையும் எப்படியோ சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் பெயரில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார் என்றார்கள். அவர் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போனார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது அவரை நினைத்தால் ஏரியோ கருவேலங்காடோ ஞாபகத்துக்கு வருவதில்லை. மலைதான் வருகிறது. அது நாடு உடைவதற்கு முந்தைய ஆண்டு மழைக்காலம்.

மழை கழுவிவிட்ட ஒரு காலையில் ஏரிக்கரை மேட்டிலிருந்து வடமேற்கே நீலமாக ஒரு மேடு தெரிந்தது. மேகமென்று நான் நினைத்தேன். அவர் உடனே, "மலை" என்றார். ஊத்துக்கோட்டைக்கு அப்பால் நாகலாபுரம் பக்கத்து மலை. அன்றிலிருந்து அதே பேச்சு. அவ்வளவு தூரம் போகத் தனியாக அனுமதி வேண்டும். அவர் வாராவாரம் ஆபீசுக்குப் போய் நின்றார். சலித்துப்போய் ஒருநாள் கொடுத்துவிட்டார்கள். இருட்டுவதற்குள் குவார்ட்டர்ஸில் இருக்கவேண்டும், இல்லையென்றால் டிரைவர்தான் பொறுப்பு என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

விடியும்போதே கிளம்பிவிட்டோம். அடிவாரத்தில் வண்டியைக் கிராமத்துக்காரர் ஒருவர் வீட்டருகே விட்டுவிட்டு ஓடை வழியாக ஏறினோம். அத்தனை நாள் அந்த மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறேன், ஏறியதில்லை. பாறைக்கிடையில் தெளிந்த தண்ணீர் மடுவாக நின்றது, அடியில் கூழாங்கல் தெரிந்தது. மரங்கள் உயரமாக இருந்தன. அவர் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓடையைக் கடந்தால்தான் வழி. நான் தண்ணீரில் இறங்கிக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் காவி நிறமாக மாறுவதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். என் சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே பாறைமேல் இழுத்துப்போட்டார். நான் திட்டத் திரும்புவதற்குள், நான் நின்ற இடத்தில் வேரோடு ஒரு புதர் உருண்டு போனது. மேலே எங்கோ பெய்த மழையெல்லாம் மொத்தமாக இறங்கியது.

பாறைக்கடியில் ஒதுங்கினோம். தண்ணீர் வடியாமல் போக முடியாது. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம், அதைவிட அந்தப் புதரை நினைத்த பயம். அவர் நனையாத சுள்ளி தேடி நெருப்பு மூட்டி டீ வைத்தார். அன்று அவர் தனியாகப் போய் உட்காரவில்லை. என் தோளில் தோள் இடிக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"முனி, பேசு" என்றார்.

"இன்னா பேசறது சார்?"

"எதுனா. உன் பாஷைல. வேகமா பேசு. எனக்குப் புரியத் தேவயில்ல."

பேசினேன். முதலில் வேலையைப் பற்றி, அப்பாவைப் பற்றி. பிறகு எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை, குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது. துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள், நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது சரோஜா குழந்தைத் துணிகளையெல்லாம் மடித்துப் பரணில் போட்டிருந்தாள். அன்றிலிருந்து அதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் அழுவாள் என்று நான் பேசவில்லை. நான் உடைந்துவிடுவேன் என்று அவள் பேசவில்லை. அதையெல்லாம் சொன்னேன். எடை இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை சார், இவ்ளோதான் சார் இருந்தா, என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் என் கைகளையே பார்த்தார். மழை சாரலடித்தது. பிறகு அவர் பேச ஆரம்பித்தார், அவருடைய மொழியில். மெல்ல, நிறுத்தி நிறுத்தி, நெருப்பைப் பார்த்தபடி, நெடுநேரம். இடையில் அவர் மனைவியின் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தது. அது ஒன்றுதான் எனக்குப் புரிந்த வார்த்தை. பேசி முடித்துவிட்டு டீச் சக்கையை நெருப்பில் கொட்டினார். தண்ணீர் வடிந்திருந்தது.

இருட்டியபிறகுதான் வந்துசேர்ந்தோம். கேட்டில் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். மறுநாள் மெமோ கொடுத்தார்கள், அவ்வளவோடு போயிற்று.

வீட்டுக்குப் போனபோது சரோஜா வாசலிலேயே நின்றிருந்தாள். சேறும் ஈரமுமாக என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் துண்டைக் கொடுத்தாள். சோறு போட்டாள். "மழையில மாட்டிகினீங்களா?" என்றாள்.

"ஆமா. பாறைக்கடியில குந்திகினு பேசிகினு இருந்தோம்."

"அந்தாளு கூடவா? அவ்ளோ நேரம் இன்னா பேசுனீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நம்ம கொழந்தயப் பத்தி."

கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"தெரியல. அவரு பாஷையில என்னமோ சொன்னாரு. ரொம்ப நேரம் சொன்னாரு."

சரோஜா தலையை ஆட்டினாள். என் இலையில் சோறு குறைந்திருப்பதைப் பார்த்து இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"நல்லதாத்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.